தாம்பரத்தில் ஒரு ஆவணம் தேட வேண்டுமா: எந்த அலுவலகம், எந்தப் பதிவேடு, யாரைக் கேட்பது

தாம்பரம் மாதிரியான புறநகரில் பட்டா, பிறப்புச் சான்று, தெருவுக்கு ரோடு போட்ட கணக்கு என்று எதைத் தேடினாலும், அந்தக் காகிதம் பெரும்பாலும் எங்கேயோ பத்திரமாக இருக்கத்தான் செய்கிறது. நாம் நிற்கிற வரிசைதான் வேறு. மாநகராட்சியில் கேட்டால் தாலுகா ஆபீசுக்குப் போ என்பார்கள், அங்கே போனால் ரெஜிஸ்டர் ஆபீஸ் என்பார்கள், அதற்குள் வாசலில் ஒருவர் "சார், என்ன வேலை, முடிச்சுக் கொடுத்துடறேன்" என்று வந்துவிடுவார். அவருக்குத் தெரிந்தது எல்லாம் எது எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான். அதை நாமே தெரிந்துகொள்ளலாம். ஆவடியில் இருப்பவர்களுக்கும் இதில் முக்கால்வாசி அப்படியே பொருந்தும்.

முதல் வேலை: உங்கள் வீடு எந்தெந்த எல்லைக்குள் வருகிறது

இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். தாம்பரம் மாநகராட்சி உருவானது 2021 நவம்பரில். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற 5 நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்ற 5 பேரூராட்சிகளையும் சேர்த்து 5 மண்டலம், 70 வார்டு என்று பிரித்தார்கள். அதனால் 2021க்கு முந்தைய வரி ரசீதில் இருக்கும் வார்டு எண்ணை வைத்துக்கொண்டு இன்றைய கவுன்சிலரைத் தேடினால் வேறு யாரோதான் கிடைப்பார். அதே சமயம் மாநகராட்சியை ஒட்டியே இருக்கும் முடிச்சூர், அகரம்தென், மேடவாக்கம், பொழிச்சலூர் எல்லாம் அந்த இணைப்பில் சேரவில்லை. அவை ஊராட்சிகள், பரங்கிமலை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. விலாசத்தில் "சென்னை" என்றுதான் எழுதுகிறோம், ஆனால் சென்னை மாநகராட்சியின் புகார் எண்ணான 1913க்குக் கூப்பிட்டால் நம் குப்பையை எடுக்க யாரும் வரமாட்டார்கள்.

இது உள்ளாட்சி எல்லை மட்டும். வருவாய்த் துறைக்கு வேறு எல்லை: செங்கல்பட்டு மாவட்டம், தாம்பரம் அல்லது பல்லாவரம் தாலுகா, அதற்குள் ஒரு வருவாய் கிராமம். பத்திரப் பதிவுக்கு இன்னொன்று: தாம்பரம், சேலையூர், பல்லாவரம், பம்மல் என்று தனித்தனி சார்பதிவாளர் அலுவலகங்கள். காவல் துறைக்கு 2022 ஜனவரி முதல் தாம்பரத்துக்கென்றே ஒரு ஆணையரகம். மின்வாரியப் பிரிவு அலுவலகம் இதில் எதோடும் ஒட்டாமல் தனியாகப் போகும்.

ஒரு தாளில் இந்த ஐந்தையும் எழுதிக்கொள்ளுங்கள். உள்ளாட்சியும் வார்டும் புதிய சொத்துவரி ரசீதில் கிடைக்கும். தாலுகா, வருவாய் கிராமம், சர்வே எண் மூன்றும் உங்கள் கிரயப் பத்திரத்தின் கடைசிப் பக்கங்களில் வரும் சொத்து விவரத்தில், அதாவது ஷெட்யூலில் இருக்கும். சார்பதிவாளர் எல்லையைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் தெருப்பெயரோ கிராமமோ கொடுத்துப் பார்க்கலாம். மின் பிரிவின் குறியீடு மின் இணைப்பு எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. காவல் நிலையம் எது என்று பக்கத்துக் கடையில் கேட்டாலே போதும்.

ஷெட்யூலைப் படிக்கும்போது ஒரு விஷயம். பத்திரம் பழையது என்றால் "சைதாப்பேட்டை தாலுகா" என்று இருக்கும், பார்த்துப் பயப்பட வேண்டாம், தாம்பரம் அப்போது அந்தத் தாலுகாவில்தான் இருந்தது. மாவட்டமும் அப்படித்தான்: முதலில் செங்கல்பட்டு, 1997இல் மாவட்டம் பிரிந்த பிறகு காஞ்சிபுரம், 2019 நவம்பரில் இருந்து மறுபடியும் செங்கல்பட்டு. இடம் நகரவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது. ஆனால் இணையதளத்தில் தேடும்போது இன்றைய மாவட்டம், இன்றைய தாலுகாவைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். "ரெக்கார்டே இல்லை" என்று பலர் திரும்பி வருவது இந்த இடத்தில்தான்.

நிலம்: நான்கு பதிவேடுகள், நான்கும் வேண்டும்

பட்டா இருந்தால் போதும் என்று ஒரு கட்சி, வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) சுத்தமாக இருந்தால் போதும் என்று இன்னொரு கட்சி. இரண்டுமே பாதிதான். பட்டா வருவாய்த் துறையின் கணக்கு, வில்லங்கம் பதிவுத் துறையின் கணக்கு, ஒன்றில் நடப்பது இன்னொன்றில் தானாக ஏறும் என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள்.

தமிழ்நாடு அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் (எங்கிருந்தும் எந்நேரமும் என்று தேடினால் வரும்) பட்டா நகலை இலவசமாகப் பார்க்கலாம். மாவட்டம், தாலுகா, கிராமம் கொடுத்து, பிறகு பட்டா எண்ணோ சர்வே எண்ணோ உட்பிரிவோ கொடுக்க வேண்டும். இங்கே ஊரகம், நகர்ப்புறம், நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) என்று பிரித்துக் கேட்கும். மாநகராட்சிக்குள் இருக்கிறோமே என்று நகர்ப்புறத்தை அழுத்தினால் வார்டு, பிளாக், நகர சர்வே எண் கேட்கும். நகர நில அளவை முடிந்த பகுதிக்குத்தான் அது வேலை செய்யும், மற்ற பகுதிகள் ஊரகக் கணக்கில் கிராமத்தின் பெயரிலேயே கிடக்கும். ஒன்றில் வரவில்லையென்றால் மற்றதில் தேடுங்கள். அங்கே கேட்கிற வார்டு நகர அளவையின் வார்டு, கவுன்சிலர் வார்டு இல்லை.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். அரை கிரவுண்டு மனை என்றால் 0 ஹெக்டேர் 1.12 ஏர் என்ற மாதிரி வரும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 1076 சதுர அடி. பெருக்கிப் பார்த்தால் 1205 வருகிறது, பத்திரத்தில் 1200 என்றால் சரி. பத்திரத்தில் 1200 இருந்து பட்டாவில் 900 வந்தால், அங்கே நின்று விசாரிக்க வேண்டும். பட்டாவில் உங்கள் பெயரோடு நாலைந்து பேர் இருந்தால் அது கூட்டுப் பட்டா. தப்பில்லை, ஆனால் விற்கும்போது தலைவலி, உட்பிரிவு செய்து தனிப்பட்டா கேட்டு மனு கொடுங்கள்.

அதே தளத்தில் அ-பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பட்டா யாருடைய இடம் என்று சொல்லும், அ-பதிவேடு அது என்ன இடம் என்று சொல்லும். ரயத்துவாரியா, அதாவது தனியார் பட்டா நிலமா, அரசுப் புறம்போக்கா, புறம்போக்கு என்றால் ஏரியா வாய்க்காலா மேய்ச்சலா, எல்லாம் அதில் இருக்கும். பழைய சர்வே எண்ணும் ஒரு பத்தியில் இருக்கும். 1980களில் யூடிஆர் என்ற பெயரில் நடந்த நிலப் பதிவேடு புதுப்பிப்பில் நிறைய எண்கள் மாறின, அதற்கு முந்தைய பத்திரம் கையில் இருந்தால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இதில்தான் ஒப்பிட முடியும். அப்புறம் புலப்படம், எல்லாரும் எஃப்எம்பி என்பார்கள். அந்தச் சர்வே எண்ணின் வரைபடம், ஒவ்வொரு பக்கத்துக்கும் மீட்டர் அளவோடு. உங்கள் மனைக்கு மட்டும் எடுக்காதீர்கள், சுற்றியுள்ள எண்களுக்கும் எடுங்கள். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் 2015 வெள்ளத்தில் அடையாறு வீட்டுக்குள் வந்ததைப் பார்த்தவர்களுக்கு, பக்கத்து எண் ஓடையா என்று ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்பது புரியும்.

அடுத்து வில்லங்கம். பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் 1975 முதல் உள்ள பதிவுகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம், பார்க்க மட்டும் என்றால் கட்டணம் இல்லை. அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துக் கையால் தேட வைக்க வேண்டும். சர்வே எண்ணை உட்பிரிவோடும் போட்டுப் பாருங்கள், உட்பிரிவு இல்லாமலும் போட்டுப் பாருங்கள். மனை பிரிப்பதற்கு முன் நடந்த பதிவுகள் உட்பிரிவு இல்லாத தாய் எண்ணில்தான் இருக்கும், வெறும் 45/2ஏ1 என்று தேடிவிட்டு "நில்", அதாவது பதிவு எதுவும் இல்லை, என்று வந்ததும் சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை. அந்த இடம் முன்பு எந்தச் சார்பதிவாளரின் கீழ் இருந்தது என்பதையும் பத்திரத்தின் முத்திரையில் பார்த்து, அந்த அலுவலகத்தையும் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள்.

வில்லங்கத்தில் வராதவையும் உண்டு. பதிவு செய்யாத ஒப்பந்தம், வரி பாக்கி, உயில் இவை வராது. உயிலைப் பதிவு செய்திருந்தாலும் அது தனிப் புத்தகத்தில், அதாவது 3ஆம் புத்தகத்தில் போய்விடும், எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதன் நகலை அவரோ அவருடைய முகவரோதான் வாங்க முடியும். கிரயம், தானம், அடமானம் போன்றவை இருக்கும் 1ஆம் புத்தகம் பதிவுச் சட்டம் 57ஆம் பிரிவின்படி யாருக்கும் திறந்தது. வில்லங்கத்தில் ஒரு ஆவண எண்ணும் வருடமும் கிடைத்துவிட்டால், அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகலைக் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் வாங்கலாம். விற்பவர் "தாய்ப்பத்திரம் தொலைந்துவிட்டது" என்று சொல்லும்போது இந்த வசதியை நினைவில் வையுங்கள்.

இந்த இடத்தில் ஒரு சின்ன வித்தை. உங்கள் நகரில் பூங்கா என்று விட்ட இடத்தில் யாரோ கொட்டகை போட்டிருக்கிறார்கள், மாநகராட்சியில் கேட்டால் "தனியார் இடம்" என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். லேஅவுட் வரைபடத்தில் அந்தப் பூங்காவின் சர்வே எண்ணைப் பார்த்து வில்லங்கம் போடுங்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்கும்போது அந்த இடத்தை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்திருந்தால் அந்தத் தானப் பத்திரம் அதில் வந்து நிற்கும். அதன் நகலோடு போனால் பேச்சே மாறிவிடும்.

மனைப்பிரிவு அனுமதியும் நில உபயோகமும் சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கையில். கிராமம், சர்வே எண் கொடுத்தால் அந்த இடம் குடியிருப்பா தொழிற்சாலைப் பகுதியா விவசாயமா என்று இரண்டாம் முழுமைத் திட்டப்படி அதன் தளத்திலேயே பார்க்கலாம். புதிய அடுக்குமாடி என்றால் ரெரா (கட்டுமானத் திட்டங்களைப் பதிவு செய்யும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும் ரெரா தளத்தில் சரிபாருங்கள். விளம்பரத்தில் எண் இருக்கிறது என்பதோடு விட்டுவிடாமல் அந்த எண்ணில் எத்தனை பிளாக், எந்தச் சர்வே எண் என்று படியுங்கள்.

பிறப்பு, இறப்பு, வரி

இது சுலபம். ஒரே விதி: பிறந்த இடத்தில்தான் பதிவு, வசிக்கும் இடத்தில் இல்லை. குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்குத் தாம்பரம் மாநகராட்சி, எழும்பூரில் பிறந்திருந்தால் சென்னை மாநகராட்சி. 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை, மருத்துவமனைப் பிரசவம் என்றால் தகவலை அவர்களே அனுப்பிவிடுவார்கள், நீங்கள் பெயரைச் சேர்த்தால் போதும். பதிவான சான்றை இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். பழைய பல்லாவரம், பம்மல் நகராட்சிக் காலத்துப் பதிவு இணையத்தில் வரவில்லையென்றால், அந்தப் பகுதியின் மண்டல அலுவலகத்தில் பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும் கொடுத்துப் பதிவேட்டில் தேடச் சொல்லுங்கள். அங்கும் இல்லையென்றால் "பதிவு இல்லை" என்பதையே ஒரு சான்றாக எழுதி வாங்குங்கள். தாமதப் பதிவுக்கு மனு போட அதுதான் முதல் காகிதம்.

சொத்துவரிக்கு வரிவிதிப்பு எண் இருந்தால் நகர்ப்புற உள்ளாட்சிகளின் இணையதளத்தில் பாக்கி முழுவதும் தெரியும். வீடு வாங்கப் போகிறவர்கள் விற்பவரிடம் இந்த எண்ணை மட்டும் கேட்டு வாங்கிப் பாருங்கள், குடிநீர் வரியும் சேர்த்து.

தெருவுக்கு ரோடு போட்ட கணக்கு

நல்ல ரோட்டைத் தோண்டிவிட்டு மூடாமல் போனார்கள், போட்ட ரோடு ஒரே மழையில் பெயர்ந்தது, இதற்கெல்லாம் சண்டை போடுவதற்கு முன் அந்த ரோடு யாருடையது என்று பாருங்கள். ஜிஎஸ்டி ரோடு தேசிய நெடுஞ்சாலை, வேளச்சேரி ரோடு மாநில நெடுஞ்சாலைத் துறை, உள் தெருக்கள்தான் மாநகராட்சி. ஏரிகளிலும் சில நீர்வளத் துறை கையில், சில உள்ளாட்சி கையில்.

உள் தெரு என்றால் அரசின் டெண்டர் தளத்தில் தாம்பரம் மாநகராட்சியைத் தேர்ந்தெடுத்து, தெருப்பெயரையோ பழைய ஊர்ப் பெயரையோ போட்டுத் தேடலாம். டெண்டர் எண், மதிப்பு கிடைக்கும். மீதிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். மனு எழுதும் விதம்தான் இதில் எல்லாம். "ரோடு ஏன் இவ்வளவு மோசமாக இருக்கிறது, யார் பொறுப்பு" என்று கேட்டால், "கேள்வி வடிவில் உள்ளது, தகவல் அல்ல" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் காகிதத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இப்படி:

"பொதுத் தகவல் அலுவலர், தாம்பரம் மாநகராட்சி. வார்டு எண் …, … தெருவில் 2023 ஏப்ரல் 1 முதல் இன்று வரை மேற்கொள்ளப்பட்ட சாலைப் பணிகளுக்கான (1) மதிப்பீடு, (2) பணி ஆணை, (3) அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், (4) ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்கிய பட்டியல், (5) பழுது நீக்கும் பொறுப்புக் காலம் குறித்த ஒப்பந்தப் பக்கம் ஆகியவற்றின் நகல்களை வழங்கவும்."

அளவுப் புத்தகம்தான் முக்கியம், எஞ்சினியர்கள் எம்-புக் என்பார்கள். எத்தனை மீட்டர் நீளம், எத்தனை அகலம், எவ்வளவு கனம் என்று அளந்து எழுதிக் கையெழுத்துப் போட்ட புத்தகம். அதில் எழுதியிருக்கும் அகலத்தை ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய்த் தெருவில் அளந்து பாருங்கள்.

மனுவுக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். நேரில் கொடுத்தால் ஒப்புகைச் சீல் வாங்குங்கள், தபால் என்றால் போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கிற மாதிரி அனுப்புங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை, "எதுக்கு சார் கேக்கறீங்க" என்று போன் வந்தாலும் சொல்லத் தேவையில்லை. வேறு துறைக்குரியது என்றால் 5 நாளில் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும், 6(3) பிரிவு. 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் அரைகுறை என்றாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. அதிலும் நகரவில்லையென்றால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம். ஆணையத்தில் காத்திருப்பு நீளம், அதனால் முதல் மேல்முறையீட்டையே ஒழுங்காக எழுதுவது நல்லது: எந்தக் கேள்விக்கு எந்தக் காகிதம் வரவில்லை என்று எண் போட்டு எழுதுங்கள், கோபத்தை விட்டுவிடுங்கள்.

யாரைப் பிடிப்பது

கமிஷனருக்கு நேரடியாக எழுதுவது கம்பீரமாக இருக்கும், வேலை கீழேதான் நடக்கும். குப்பை, கொசு, சாக்கடை நாற்றம் என்றால் சுகாதார ஆய்வாளர். தெருவிளக்கு, குழாய், ரோடு என்றால் அந்த வார்டின் உதவிப் பொறியாளர், ஏஇ. வரி என்றால் பில் கலெக்டர். இவர்களின் எண்கள் மண்டல அலுவலகத்தில் கேட்டால் கிடைக்கும், மறுத்தால் தகவல் சட்டம் 4ஆம் பிரிவின்படி இது தாமாகவே வெளியிட வேண்டிய விவரம் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் மண்டல உதவி ஆணையர், பிறகு ஆணையர். நிலம் என்றால் வரிசை வேறு: விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார், ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்), கலெக்டர். கவுன்சிலரை மறந்துவிடாதீர்கள், புகார் போன வேகத்தைவிடக் கவுன்சிலர் ஒரு போன் போட்ட வேகம் அதிகம் என்பதை இங்கே இருக்கிற எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். அதற்காக வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், அவரிடமும் ஒரு மனு, அதன் நகலில் ஒரு கையெழுத்து.

மின்சாரத்துக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987. எந்தத் துறை என்றே தெரியாத புகாருக்கு முதல்வர் உதவி மையம் 1100, அவர்கள் தரும் மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று முடித்துவைத்தால் அதே எண்ணைச் சொல்லி மறுபடி திறக்கச் சொல்லலாம். வாக்காளர் பட்டியலுக்கு 1950. முதல் தகவல் அறிக்கையைக் காவல் துறையின் இணையதளத்தில் பார்க்கலாம், பாலியல் குற்றம் போன்ற சிலவற்றைத் தவிர. ஒரு சொத்தின் மேல் வழக்கு இருக்கிறதா என்று பார்க்க ஈ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவரின் பெயர், அவருடைய அப்பா பெயர், அண்ணன் தம்பி பெயர் என்று எல்லாவற்றையும் போட்டுத் தேடுங்கள். சர்வே எண்ணை வைத்துத் தேட அங்கே வழியில்லை, பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஆளுக்கொரு விதமாக இருக்கும், ஆகவே பொறுமை வேண்டும்.

பட்டா பிழைதான் உங்கள் பிரச்சினை, தாலுகா அலுவலகத்தில் நகரவே இல்லை என்றால் இரண்டு வாசல்கள் உண்டு. திங்கட்கிழமை தோறும் செங்கல்பட்டு கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள், கொடுத்த மனுவுக்கு எண் போட்டு வாங்குங்கள். இன்னொன்று ஜமாபந்தி, வருவாய்த் தீர்வாயம். வருடா வருடம் கோடையில், பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில், ஒவ்வொரு தாலுகா அலுவலகத்திலும் நடக்கும். எந்தக் கிராமத்துக்கு எந்தத் தேதி என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள், அன்று விஏஓ தன் கிராமக் கணக்கு அத்தனையையும் கொண்டுவந்து அதிகாரி முன் வைத்தாக வேண்டும். உங்கள் கிராமத்தின் தேதியன்று பத்திர நகல், பட்டா, அ-பதிவேட்டு நகல், வில்லங்கம் நான்கையும் ஒரே கட்டாக வைத்து, பிழை எந்த வரியில் இருக்கிறது என்று பென்சிலால் வட்டம் போட்டுக் கொண்டுபோங்கள். கணக்குப் புத்தகம், விஏஓ, சர்வேயர், தாசில்தார் எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கிற நாள் அது ஒன்றுதான்.